முள்ளிவாய்க்கால் முதல் செம்மணி வரை: நினைவிடத்தின் புகைப்படம் எப்போது சாட்சியமாகிறது?

தேவிகுளம்: இலங்கை இறுதிப் போரில் உயிரிழந்த தமிழர்களுக்கான நினைவிடங்கள் ஒருபுறம் இடிக்கப்படுகின்றன; மறுபுறம் எழுப்பப்படுகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8ஆம் தேதி இரவு தகர்க்கப்பட்டது. கனடாவின் பிராம்டன் நகரில் தமிழர் இனப்படுகொலை நினைவுச்சின்னம் 2025 மே 10ஆம் தேதி திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் இலங்கை வெளியுறவு அமைச்சர் விஜித ஹேரத், கொழும்பிலுள்ள கனடா தூதரை அழைத்துத் தமது அரசின் எதிர்ப்பைத் தெரிவித்தார்.

கல்லும் சிமெண்டும் இத்தகைய அரசியல் இழுபறிக்கு உள்ளாகும்போது, அவற்றை எடுத்த புகைப்படங்களே பல நேரங்களில் எஞ்சி நிற்கின்றன. ஆனால், கையில் செல்போன் வைத்திருக்கும் எவரும் எடுக்கும் படம் எப்போது வெறும் பயணப் பதிவாகிறது, எப்போது கொடுமைக்கான சாட்சியமாகிறது என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. கேரளத்தின் தேவிகுளம் வட்டாரத் தமிழர்களுக்கு இக்கேள்வி அந்நியமானதும் அன்று.

தேவிகுளத்தின் பெயரால் விழுந்த உயிர்கள்

தேவிகுளம், பீர்மேடு பகுதிகளைத் தமிழ்நாட்டுடன் இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை 1954இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் பெரும் போராட்டமாக வெடித்தது. தடையை மீறித் தேவிகுளம் சென்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் நேசமணி உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். இதைத் தொடர்ந்து அதே ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி தெற்கே மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் நடந்த போராட்டங்களின்போது போலீசார் துப்பாக்கிச்சூடு நடத்தினர். ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளை தலைமையிலான பிரஜா சோசலிஸ்ட் கட்சி அரசு. அக்கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே, தமது கட்சியின் அரசு பதவி விலக வேண்டும் என்று கோரினார்.

மாநில மறுசீரமைப்பு ஆணையம் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்துடனேயே விட்டுவைத்தது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் இணைந்தது. உயிரிழந்தோர் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றனர். ஆயினும், உயிரிழந்தோர் எத்தனை பேர் என்பதில் அரசுத் தரப்பு எண்ணிக்கையும் போராட்டத் தரப்பு எண்ணிக்கையும் இன்றுவரை ஒன்றுபடவில்லை. அந்நாளின் நிகழ்வைக் காட்டும், பரவலாக அறியப்பட்ட புகைப்படம் என எதுவும் இல்லை. நினைவுத்தூணும், பெயர்ப்பட்டியலும், வாய்மொழிச் செய்திகளுமே எஞ்சியுள்ளன. 1958 அக்டோபரில் மூணாறு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரு தொழிலாளர்கள் உயிரிழந்த நிகழ்வும் பெரும்பாலும் தொழிற்சங்க நினைவாகவே தொடர்கிறது.

இந்தத் துப்பாக்கிச்சூடுகளை இனப்படுகொலையோடு ஒப்பிட இயலாது. அளவும் தன்மையும் வேறு. எனினும் அவை ஒன்றை உணர்த்துகின்றன. அரசின் கை சம்பந்தப்பட்ட மரணங்களில், காட்சிப் பதிவு இல்லாத இடத்தில் எண்ணிக்கை முதலில் தேய்கிறது. பின்னர் பெயர்கள் தேய்கின்றன.

சாட்சிகள் வெளியேற்றப்பட்ட போர்

படங்கள் ஏராளமாக இருந்தால் மட்டும் எண்ணிக்கை உறுதியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை என்கிறது முள்ளிவாய்க்கால். 2008 செப்டம்பரில் கிளிநொச்சியில் இருந்து ஐ.நா. பணியாளர்கள் வெளியேறுமாறு இலங்கை அரசு கூறியது. சுதந்திரமான செய்தியாளர்களும் போர்ப்பகுதிக்குள் அனுமதிக்கப்படவில்லை. 2009 ஜனவரி முதல் மே வரை அங்கு நடந்தவற்றை உலகம் அறிந்தது மூன்று வழிகளில். உள்ளே சிக்கியிருந்த மருத்துவர்களும் மக்களும் எடுத்து அனுப்பிய படங்கள் முதல் வழி. ஐ.நா. வெளியிட்ட செயற்கைக்கோள் படங்கள் இரண்டாவது. ராணுவ வீரர்களே தங்கள் செல்போன்களில் எடுத்த படங்கள் மூன்றாவது.

ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் அளித்த அறிக்கையில், 40,000 பேர் வரை பொதுமக்கள் உயிரிழந்திருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டைத் தள்ளிவிட இயலாது என்று கூறியது. ஐ.நா.வின் செயல்பாட்டை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டின் உள் ஆய்வறிக்கை, 70,000க்கும் மேற்பட்டோரின் நிலை தெரியவில்லை என்ற கணக்கைச் சுட்டியது. தமிழ் அமைப்புகள் கூறும் எண்ணிக்கை இதைவிடப் பெரிது. இலங்கை அரசு இனப்படுகொலைக் குற்றச்சாட்டைத் தொடர்ந்து மறுத்து வருகிறது. கனடா நாடாளுமன்றமோ மே 18ஆம் தேதியைத் தமிழர் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்கும் தீர்மானத்தை 2022இல் ஒருமனதாக நிறைவேற்றியது.

ஆக, புகைப்படம் எண்ணிக்கையைத் தீர்ப்பதில்லை. சட்டப்படி அது எந்தக் குற்றம் என்பதையும் தீர்ப்பதில்லை. 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்ற மறுப்புக்கு இடமில்லாமல் செய்வதே அதன் முதல் வேலை. மறுப்பு சுருங்கும்போது வாதம் 'நடந்ததா' என்பதில் இருந்து 'யார் பொறுப்பு' என்பதற்கு நகர்கிறது.

கொன்றவர் தரப்பின் கேமரா

இதற்குத் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டு 2013 பிப்ரவரியில் வெளியான இரு படங்கள். விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரன், மணல் மூட்டைகள் அடுக்கிய காப்பரணில் எதையோ தின்றபடி அமர்ந்திருப்பது ஒரு படம். மார்பில் துப்பாக்கிக் குண்டுக் காயங்களுடன் தரையில் கிடப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே கேமராவில் சில மணி நேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை என ஆவணப்பட இயக்குநர் கெல்லம் மெக்ரே தரப்பு கூறியது. இலங்கை ராணுவம் அதை மறுத்தது.

தனித்தனியே பார்த்தால் முதற்படம் ஒரு சிறுவனின் படம். இரண்டாவது போரில் இறந்த ஒருவரின் படம். இரண்டையும் நேர வரிசையில் வைத்தபோதுதான், சிறுவன் மோதலில் சிக்கி இறக்கவில்லை, பிடிபட்ட பின்னர் கொல்லப்பட்டான் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் தமிழ்நாடு முழுவதும் மாணவர் போராட்டம் பரவியதிலும், இலங்கை விவகாரத்தை முன்னிறுத்தி மத்தியக் கூட்டணி அரசில் இருந்து திமுக விலகியதிலும் அப்படங்களின் தாக்கம் இருந்தது.

கொன்றவர் தரப்பு எடுத்த படம் பின்னாளில் அவர்களுக்கே எதிராகத் திரும்புவது வரலாற்றில் புதிதன்று. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சி துவோல் ஸ்லெங் சிறையில் ஆயிரக்கணக்கான கைதிகளை நிர்வாகப் பதிவுக்காகப் படம் எடுத்தது. அதே படங்கள் இன்று அங்குள்ள அருங்காட்சியகத்தின் சுவர்களில் சாட்சிகளாக உள்ளன. மாறாக, பலியானோர் தரப்பில் இருந்து உயிரைப் பணயம் வைத்து எடுக்கப்பட்டவையும் உண்டு. 1944 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பிணங்களை அகற்றும் வேலையில் கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்ட யூதக் கைதிகள் இரகசியமாக எடுத்த நான்கு படங்கள், பற்பசைக் குழாயில் மறைத்து வெளியே கொண்டுவரப்பட்டன. அவை தெளிவற்றவை, ஒன்றில் மரக்கிளைகளே தெரிகின்றன. எனினும், எந்தச் சூழலில் அவை எடுக்கப்பட்டன என்பதற்கு அந்தத் தெளிவின்மையே சான்றாகிவிட்டது.

இடிபடும் தூபி, தாக்கப்படும் கேமரா

நினைவிடத்தைப் படம் எடுப்பது இலங்கையின் வடக்கில் இன்றும் ஆபத்தற்ற செயல் அன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தூபி இடிக்கப்பட்ட இரவில் வாயிலில் திரண்ட மாணவர்களின் படங்களும் காணொலிகளும் சில மணி நேரத்தில் உலகெங்கும் பரவின. தமிழ்நாட்டின் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி உள்ளிட்ட பலரும் கண்டனம் தெரிவித்தனர். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தனர். மூன்று நாட்களுக்குள், ஜனவரி 11ஆம் தேதி, துணைவேந்தரே புதிய தூபிக்கு அடிக்கல் நாட்டும் நிலை ஏற்பட்டது. அதே ஆண்டில் தூபி மீண்டும் எழுந்தது. இடிப்பு இருளில் முடிந்திருந்தால், மறுநாள் காலை மிஞ்சியிருப்பது ஒரு வெற்றிடமும் ஓர் அலுவலக விளக்கமுமாகவே இருந்திருக்கும்.

ஆனால் 2021 மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவு முற்றத்தில் நடந்தது வேறு. நினைவு நாளுக்குச் சில நாட்களுக்கு முன்பு ஓரிரவில் அங்கிருந்த நினைவுச்சின்னம் சேதப்படுத்தப்பட்டது. புதிதாக நடுவதற்குக் கொண்டுவரப்பட்ட நினைவுக்கல் காணாமற்போனது. இரவில் யார் வந்தார்கள் என்பதைக் காட்டும் படம் வெளிவரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் முள்ளிவாய்க்கால் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்த முல்லைத்தீவுத் தமிழ்ச் செய்தியாளர் ஒருவர், ராணுவத்தினர் தம்மைத் தாக்கியதாக முறையிட்டார். ஊடக அமைப்புகள் கண்டித்தன. ஓர் ஊரின் பெயரை மட்டும் தாங்கிய பலகையைப் படம் எடுப்பதே இத்தகைய விலை கேட்கும் என்றால், அந்தப் பெயரின் சுமை எத்தகையது என்பதை அறியலாம்.

தடைகள் இருக்கும் இடத்தில் நினைவு வேறு வடிவங்களையும் தேடிக்கொள்கிறது. போரின் இறுதி நாட்களில் மக்கள் குடித்து உயிர்தாங்கிய உப்பில்லாக் கஞ்சி, இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் 'முள்ளிவாய்க்கால் கஞ்சி'யாக வழங்கப்படுகிறது. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் அக்கஞ்சி வழங்கியதற்காகப் பெண்கள் உள்ளிட்ட சிலர் கைது செய்யப்பட்டனர். கல்லை இடிக்கலாம், கேமராவைப் பறிக்கலாம். கஞ்சியையும் தடுக்க வேண்டியிருக்கிறது என்பது, சாட்சியம் எத்தனை வடிவங்களில் ஊறி நிற்கிறது என்பதைக் காட்டுகிறது.

புதுப்பிப்பும் ஒரு வகை அழிப்பா?

நினைவிடங்கள் இடிபடுவது மட்டுமே ஆபத்தன்று, அழகுபடுத்தப்படுவதும் ஆபத்தாகலாம். அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாக்கில் 1919 ஏப்ரல் 13 அன்று 1,650 சுற்றுகள் சுடப்பட்டன. ஹண்டர் குழுவின் கணக்குப்படி 379 பேர் உயிரிழந்தனர். காங்கிரஸ் குழு அதைவிடக் கூடுதலான எண்ணிக்கையைக் கூறியது. பத்திரிகைத் தணிக்கை கடுமையாக இருந்த அக்காலத்தில், மராட்டியப் புகைப்படக் கலைஞர் நாராயண் விநாயக் விர்கர் சுவரில் பதிந்த குண்டுத் துளைகளைப் படம் எடுத்தார். அவற்றில் மனிதர்கள் அத்துளைகளைச் சுட்டிக்காட்டி நிற்கின்றனர். பிணங்கள் அகற்றப்பட்டுவிட்ட இடத்தில், சுவரையே சாட்சியாக நிறுத்திய படங்கள் அவை.

நூறாண்டுகள் கடந்து 2021 ஆகஸ்டில் அவ்வளாகம் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. ராணுவம் நுழைந்த குறுகிய சந்தின் சுவர்களில் சிற்பங்கள் பதிக்கப்பட்டதும், ஒலி-ஒளிக் காட்சி சேர்க்கப்பட்டதும் வரலாற்றாய்வாளர்களின் விமர்சனத்துக்கு உள்ளாயின. வெறுமையான செங்கற்சுவர் தந்த அச்சத்தை அலங்காரம் மறைத்துவிடுகிறது என்பது அவர்களின் வாதம். புதுப்பிப்புக்கு முன் அங்கு சென்ற சாதாரணப் பயணிகள் எடுத்த படங்களும் இப்போது ஆவணங்களாகிவிட்டன. அவற்றை எடுத்தவர்களில் பலர் அதை நினைத்தும் பார்த்திருக்கமாட்டார்கள்.

தமிழ்நாட்டில் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரின் நினைவிடத்தில், முதலிடம் பெயர்களுக்கு. குற்றம்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. சட்டம் கைவிட்ட வழக்கில், கல்லில் பொறித்த பெயர்ப்பட்டியலே குற்றப்பத்திரிகையாக நிற்கிறது. அங்கு செல்வோர் அந்தக் கல்லைப் படம் எடுத்து வருவது, வழக்கின் படியொன்றை எடுத்து வருவதற்குச் சமம்.

செம்மணி: ஒரு படத்துக்கு எத்தனை விதிகள்

புகைப்படம் சட்டச் சான்றாவதற்கு என்ன வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்தின் செம்மணி காட்டுகிறது. கிருஷாந்தி குமாரசாமி என்ற மாணவி 1996இல் கொலையுண்ட வழக்கில் தண்டனை பெற்ற ராணுவத்தினர் ஒருவர், செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டுள்ளனர் என்று 1998இல் நீதிமன்றத்தில் கூறினார். 1999இல் நடந்த அகழ்வில் 15 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. பின்னர் விசாரணை தேங்கியது. 2025 பிப்ரவரியில் அப்பகுதியிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமானப் பணிக்காக மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் தென்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் அந்த ஆண்டு செப்டம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றில் குழந்தைகளுடையவையும் இருந்தன. உடன் பள்ளிப்பை, பொம்மை போன்ற பொருட்களும் கிடைத்தன. ஐ.நா. மனித உரிமை ஆணையர் வோல்கர் டர்க் ஜூன் மாதம் அவ்விடத்தைப் பார்வையிட்டார். ஆகஸ்டில், மீட்கப்பட்ட பொருட்களை அடையாளம் காண்பதற்காகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

சந்தேக மரணங்களை விசாரிப்பதற்கான ஐ.நா.வின் மினசோட்டா நெறிமுறை, அகழ்விடப் புகைப்படங்களுக்குத் தெளிவான ஒழுங்கைக் கோருகிறது. எலும்பின் அருகே அளவுகோல் இருக்க வேண்டும். அடையாள எண் தெரிய வேண்டும். பொருளை அசைப்பதற்கு முன்பும் பின்பும் படம் எடுக்க வேண்டும். யார் எடுத்தது, யார் கையில் இருந்து யார் கைக்குச் சென்றது என்ற தொடர் அறுபடக்கூடாது. சமூக ஊடகங்களில் பரவும் மனதை உலுக்கும் படத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லாதிருக்கலாம். அதனால் அது பொய்யாகிவிடாது. ஆனால் நீதிமன்றத்தில் அது நிற்பது கடினம்.

பார்ப்பவரின் பொறுப்பு

சாட்சியத்துக்கும் வேடிக்கைக்கும் இடையிலான கோடு மெல்லியது. ஆஷ்விட்ஸ் நினைவகம் 2019 மார்ச்சில், முகாமுக்குச் செல்லும் தண்டவாளத்தின் மீது கைகளை விரித்து நடந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டாம் எனப் பார்வையாளர்களை வேண்டியது. அங்கு பொதுவாகப் படம் எடுக்கத் தடையில்லை; ஆயினும் பலியான பெண்களின் கூந்தல் வைக்கப்பட்டுள்ள அறையில் தடை உண்டு. இறந்தவரின் உடலின் பகுதி காட்சிப்பொருள் ஆகிவிடக்கூடாது என்பதே காரணம்.

2021 ஏப்ரலில், துவோல் ஸ்லெங் கைதிகளின் கறுப்பு-வெள்ளைப் படங்களுக்கு வண்ணமேற்றிய கலைஞர் ஒருவர், சிலரின் முகங்களில் புன்னகையையும் சேர்த்திருந்தது தெரியவந்தது. கம்போடிய அரசும் பலியானோர் குடும்பங்களும் எதிர்த்ததை அடுத்து, அவற்றை வெளியிட்ட இணைய இதழ் நீக்கியது. படத்தை உயிர்ப்பிப்பதாக எண்ணிச் செய்தது, சாவதற்குச் சற்று முன் இருந்த முகத்தின் உண்மையையே அழித்துவிட்டது.

செயற்கை நுண்ணறிவு பரவிய இக்காலத்தில் இந்த ஆபத்து பெருகியுள்ளது. 2023 நவம்பர் 27 அன்று பிரபாகரனின் மகள் பேசுவதாக ஒரு காணொலி வெளியானபோது, அது செயற்கையாக உருவாக்கப்பட்டது என்ற ஐயம் தமிழர்களிடையே பரவலாக எழுந்தது. ஒரு போலிப் படத்தின் கேடு அந்தப் படத்தோடு முடிவதில்லை. மெய்யான நூறு படங்களையும் 'இதுவும் போலிதான்' என்று ஒதுக்குவதற்கு அது வழி திறந்துவிடுகிறது. உணர்ச்சிவேகத்தில் பொய்ப்படத்தைப் பகிர்பவர், தாம் யாருக்காகப் பகிர்கிறாரோ அவர்களின் வழக்கையே பலவீனப்படுத்துகிறார்.

அடுத்து என்ன?

ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய 46/1 எண் தீர்மானம், இலங்கையில் நடந்த மீறல்கள் குறித்த சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்கு அளித்தது. 22 நாடுகள் ஆதரித்தன. 11 நாடுகள் எதிர்த்தன. இந்தியா உட்பட 14 நாடுகள் வாக்களிப்பில் பங்கேற்கவில்லை. அதன் பணிக்காலம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. எண்ணியல் சான்றுகளைக் கையாள்வதற்காக ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் இணைந்து 2020இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறை, மூலக்கோப்பை மாற்றாமல் காப்பதை வலியுறுத்துகிறது.

இதன் நடைமுறைப் பொருள் எளிது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது கோப்பு சுருக்கப்படுகிறது. எடுத்த நேரம், இடம் பற்றிய உள்விவரங்களும் நீங்கிவிடுகின்றன. எனவே பகிர்ந்த படி வேறு, சாட்சியமாகும் மூலம் வேறு. மூலக்கோப்பைத் தனியே காப்பதும், எடுத்த நாள், இடம், படத்தில் உள்ளோரின் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வைப்பதும் அவசியம். அதே வேளையில், உயிரோடு இருப்பவரின் முகத்தை வெளியிடுவதற்கு முன் அவரது ஒப்புதலைப் பெற வேண்டும். கண்காணிப்பு நிலவும் ஊரில் ஒரு முகத்தைக் காட்டுவது, அவரது வீட்டுக்கு விசாரணையை அனுப்புவதாகவும் முடியலாம்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பிப்ரவரியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் கையில் ஏந்துவது பிணங்களின் படத்தையோ நினைவுத்தூபியின் படத்தையோ அன்று. பள்ளிச் சீருடையில், திருமணக் கோலத்தில், அடையாள அட்டைக்காக எடுத்த மார்பளவுப் படங்கள் அவை. எடுக்கப்பட்ட நாளில் எந்தக் கொடுமையையும் பதிவு செய்யாதவை. 'இவர் இருந்தார், இன்று எங்கே?' என்று கேட்கும்போது அவை சாட்சியமாகின்றன. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமலேயே பெற்றோர் பலர் இறந்துவிட்டனர். அவர்களோடு படத்தில் உள்ளவரின் பெயரும், கடைசியாகக் காணப்பட்ட நாளும் இடமும் மறைந்துவிடாமல் எழுதி வைப்பதே, இப்போது கேமராவைவிட அவசரமான வேலையாக இருக்கிறது.